இரவில் கார் ஓட்டுகிறீர்களா? மஞ்சளாகிப்போன முன்விளக்கைக் கவனியுங்கள், கண்ணையும் கவனியுங்கள்



சுகாதாரப் பகுதியில் இந்த முறை காரின் முன்விளக்கைப் பற்றி எழுதியிருக்கிறாரே என்று சிலர் யோசிக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத இரவில், உறவினர் வீட்டுப் பிறந்தநாள் முடிந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மெல்லிய மழை. தெருவிளக்கு இல்லாத ஒடுங்கிய வீதி. பக்கத்தில் இருந்த மகள் திடீரென்று "அப்பா, ஆள்!" என்று கத்தினாள். கறுப்பு மேலங்கி அணிந்த ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு வீதியோரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். மகள் சொல்லும்வரை நான் அவரைக் காணவே இல்லை. பிரேக்கை அழுத்தி, காரை வலப்பக்கம் திருப்பி, மயிரிழையில் தப்பினோம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் அன்று இரவு நித்திரை வரவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவன் என்பதால் முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். அடுத்த வாரமே கண் பரிசோதகரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியின் இலக்கம் சிறிது மாறியிருந்தது. மற்றபடி கண் நலமாக இருந்தது. அதன்பிறகுதான் பகல் வெளிச்சத்தில் காரின் முன்னால் நின்று பார்த்தேன். 12 வருடப் பழைய கார். இரண்டு முன்விளக்குகளும் பழைய தேநீர்க் கறை படிந்த கோப்பை மாதிரி மஞ்சளாகி, மங்கிப்போய் இருந்தன. முந்தைய வருட எம்.ஓ.ரி. சோதனைக் கடதாசியைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதில் "முன்விளக்குகள் மங்கியுள்ளன" என்று அறிவுரைக் குறிப்பு எழுதியிருந்தது. "பாஸ்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருந்தேன். வைத்தியசாலைக் கடிதங்களை வாசிக்காமல் வைக்கும் நோயாளிகளுக்கு நான் சொல்லும் புத்திமதி எனக்கே பொருந்தியது.

அதே ஆண்டில் நேர்மாறான ஒரு சம்பவமும் நடந்தது. (விபரங்களைச் சற்று மாற்றியே எழுதுகிறேன்.) எழுபதை நெருங்கிய ஐயா ஒருவர் இரத்த அழுத்த மாத்திரைக்காக வந்திருந்தார். எழும்பிப் போகும்போது, "டொக்டர், இரவிலை றோட்டு வடிவாத் தெரியுதில்லை. லைற்றுத்தான் மங்கிப் போச்செண்டு மகன் போன மாதம் தேய்ச்சுப் பளபளப்பாக்கி விட்டவன். அப்பிடியும் சரிவரேல்லை" என்றார். எதிரே வரும் காரின் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பூ விரிஞ்ச மாதிரிப் பரவும்" என்றார். இரண்டு கண்ணிலும் கண்புரை. மகன் காரின் விளக்கைத் திருத்திவிட்டார், ஐயாவின் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

இரவில் வீதியிலிருந்து நம் மூளைக்கு வரும் வெளிச்சம் பல "கண்ணாடி"களைத் தாண்டி வருகின்றது. காரின் முன்விளக்கு மூடி, காரின் முன்கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, கடைசியாக நம் கண்ணுக்குள் இருக்கும் வில்லை. இவற்றில் ஒன்று மங்கினாலும் பாதை மங்கும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதும் சரி என்று நினைக்கக் கூடாது. முதலாவதை நாமே வீட்டில் திருத்தலாம். கடைசியானதற்குப் பரிசோதனை வேண்டும். இரண்டையும் பற்றி இங்கே எழுதுகின்றேன்.

முன்விளக்கு ஏன் மஞ்சளாகின்றது?

முற்காலத்துக் கார்களில் முன்விளக்கின் மூடி உண்மையான கண்ணாடியால் ஆனது. அமெரிக்காவில் 1980களிலும் ஐரோப்பாவில் 1990களிலும் அதற்குப் பதிலாகப் பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக் பயன்பாட்டுக்கு வந்தது. பாரம் குறைவு, கல் பட்டால் இலகுவில் உடையாது, விரும்பிய வடிவில் வார்க்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. இலகுவில் கீறல் விழும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் மாறும்.

இதற்காகத் தொழிற்சாலையிலேயே மூடியின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் பூசி விடுகிறார்கள். அது நம் தோலின் மேற்படை மாதிரி. வெயில், குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு, தெறிக்கும் மணல், கார் கழுவும் இயந்திரத்தின் தூரிகை எல்லாம் சேர்ந்து சில வருடங்களில் இந்தப் பூச்சைத் தேய்த்துவிடுகின்றன. பிறகு புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் நேரே பிளாஸ்ரிக்கைத் தாக்குகின்றன. மேற்பரப்பு மஞ்சளாகி, நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி, பால் கலந்த மாதிரி ஆகிவிடுகின்றது.

இதனால் இரண்டு பாதிப்புகள். ஒன்று, பாதைக்குப் போகும் வெளிச்சம் குறைகின்றது. அமெரிக்காவின் "ட்ரிப்பிள் ஏ" என்ற வாகன ஓட்டுநர் சங்கம் 2018இல் வெளியிட்ட சோதனை முடிவின்படி, மிகவும் மங்கிப்போன முன்விளக்குகள் புதியவை தரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 20 வீதத்தை மட்டுமே தந்தன. தேய்த்துத் திருத்திய பிறகு அது ஏறத்தாழ 70 வீதமாக உயர்ந்தது. இரண்டு, மீதி வெளிச்சம் மூடிக்குள்ளேயே சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கின்றது. அதாவது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பிரித்தானிய ஹைவே கோட் நூலின்படி, மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் கார் முழுதாக நிற்க 36 மீற்றர் தேவை. 60 மைல் வேகத்தில் 73 மீற்றர் தேவை. உங்கள் வெளிச்சம் அந்தத் தூரத்துக்குப் போகவில்லை என்றால், ஆளைக் கண்ட பிறகு பிரேக்கை அழுத்திப் பயனில்லை. பழகிய வீதிதானே என்று நாம் ஓடுகின்றோம். வீதி பழகியதுதான், ஆனால் அன்றைக்கு அங்கே யார் நடந்து வருவார் என்பது நமக்குத் தெரியாது.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

எல்லா மங்கலும் வீட்டில் திருத்தக்கூடியது அல்ல. ஒரு கோப்பைத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மூடி தெளிவாகத் தெரிந்தால் பழுது பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான். தேய்த்தால் சரிவரும். நனைந்த பிறகும் உள்ளே பனிப்படலம், நீர்த்துளி, கரிய படிவு தெரிந்தால் அது உட்பக்கப் பிரச்சினை. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மூடியில் ஆழமான வெடிப்பு இருந்தாலோ, உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளிப் பூச்சு கருகியிருந்தாலோ விளக்கை மாற்றுவதே முறை. அதைக் கராஜில் காட்டுங்கள்.

தேவையான பொருட்கள்

கார் உதிரிப்பாகக் கடைகளில் இதற்கென்றே பெட்டியாக விற்கிறார்கள். விலை ஏறத்தாழ 15 முதல் 30 பவுண். வாங்கும்போது ஒரு விடயத்தைக் கட்டாயம் பாருங்கள். கடைசியில் பூசும் புற ஊதாப் பாதுகாப்புப் பூச்சு உள்ளே இருக்கின்றதா? இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

தனித்தனியாக வாங்குவதென்றால்:
- தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வகைச் சாண்ட் பேப்பர்: 800, 1000, 2000, 3000 இலக்கங்கள் (இலக்கம் கூடக் கூட நைசானது)
- பெயின்ற் அடிப்பவர்கள் ஒட்டும் மாஸ்கிங் ரேப்
- பிளாஸ்ரிக்குக்கு உகந்த பொலிஷ் பசை
- ஐசோபுரோப்பைல் அல்ககோல் சிறிய போத்தல் ஒன்று
- முன்விளக்குக்கான புற ஊதாப் பாதுகாப்புப் பூச்சு
- வாளி, சவர்க்காரத் தண்ணீர், தண்ணீர் தெளிக்கும் போத்தல், நான்கைந்து மென்மையான துணிகள்
- நைற்றைல் கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க்

செய்யும் முறை

மழை இல்லாத, கடுங்குளிரும் கடும் வெயிலும் இல்லாத ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் போகும். கார் நின்று, விளக்கு அணைந்து, மூடி நன்கு ஆறியிருக்க வேண்டும்.

1. விளக்கைச் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஒரு மணற் துகள் மிஞ்சினாலும் தேய்க்கும்போது புதிய கீறல் விழும்.

2. விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ற் பகுதியில் மாஸ்கிங் ரேப்பை இரண்டு மூன்று சுற்று ஒட்டுங்கள். சாண்ட் பேப்பர் தவறி ஒருமுறை பெயின்றில் பட்டாலே போதும், அந்தத் தழும்பு போகாது. அனுபவத்தில் சொல்கின்றேன்.

3. 800 இலக்கச் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். விளக்கின் மேலும் தண்ணீர் தெளித்து, இடமிருந்து வலமாக ஒரே சீராகத் தேய்க்கத் தொடங்குங்கள். மஞ்சள் நிறத் தண்ணீர் வடியும். அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். வடியும் தண்ணீர் மஞ்சள் மாறி வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும். பழைய பூச்சு அங்கங்கே மிஞ்சினால் பிறகு தேமல் மாதிரித் தெரியும். மங்கல் இலேசானது என்றால் 800ஐ விட்டு 1000 இலக்கத்தில் தொடங்கலாம்.

இந்தக் கட்டத்தில் விளக்கு முன்னரை விட மோசமாக, உறைபனி பிடித்த யன்னல் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

4. அடுத்து 1000 இலக்கம். இப்போது மேலிருந்து கீழாகத் தேயுங்கள். திசையை மாற்றினால் முந்தைய கீறல்கள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு 2000, கடைசியாக 3000. ஒவ்வொரு முறையும் திசையை மாற்றுங்கள், இடையில் கழுவுங்கள். அவசரப்பட்டு ஒரு இலக்கத்தைத் தாண்டினால் கீறல் கடைசிவரை நிற்கும்.

5. நன்றாகத் துடைத்து உலரவிட்டு, பொலிஷ் பசையை மென்மையான துணியில் எடுத்து வட்டமாகத் தேயுங்கள். மின்துளைப்பானில் பஞ்சு பூட்டியும் செய்யலாம். ஆனால் வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் செய்யுங்கள். சூடேறினால் பிளாஸ்ரிக் இளகிப் பழுதாகும். இங்கேதான் விளக்கு பளிச்சென்று தெளியும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

6. துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு, பொலிஷின் எண்ணெய்த் தன்மை போகும்வரை துடையுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசற்றோனைப் பாவிக்கவே கூடாது. அது பொலிகாபனேற்றை வெடிக்கச் செய்யும். இதற்குப் பிறகு விரலால் தொட வேண்டாம்.

7. பாதுகாப்புப் பூச்சை உறையில் சொல்லியபடி ஒரே சீராக, ஒரே திசையில் பூசுங்கள். பூசிய இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். உலரும் நேரம் உறையில் இருக்கும். ஒரு நாள் முழுவதும் மழையோ தண்ணீரோ படாமல் வைத்திருப்பது நல்லது.

இந்த ஏழாவது படிதான் முக்கியமானது. நான் முதல் தடவை செய்தபோது ஆறாவது படியோடு நிறுத்திவிட்டேன். விளக்கு கண்ணாடி போல் மினுங்கியது, வானமும் இருட்டிக்கொண்டு வந்தது, இது போதும் என்று உள்ளே போய்விட்டேன். அந்தக் கோடை முடிவதற்குள் திரும்பவும் மஞ்சள். காரணம் எளிது. தேய்க்கும்போது பழுதான தோலோடு மிஞ்சியிருந்த பாதுகாப்பையும் எடுத்துவிடுகின்றோம். பச்சைப் புண்ணைக் கட்டாமல் வெயிலில் விட்ட மாதிரி. அடுத்த வருடம் முழுவதையும் திரும்பச் செய்தேன். தேய்ப்பது பாதி வேலை, பூசுவதுதான் வைத்தியம்.

வைத்தியராக நான் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகள்

காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் இருந்தால் தூசி பறக்காது. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் பக்கத்தில் நிற்க வேண்டாம். வெளியில், அல்லது கதவைத் திறந்துவைத்த கராஜில் செய்யுங்கள். அல்ககோல் தீப்பிடிக்கும், அந்த இடத்தில் சிகரெட் கூடாது.

"2கே" என்று எழுதியிருக்கும் இரு கூட்டுப் பூச்சு ஸ்பிறேக்களில் பெரும்பாலானவற்றில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் உண்டு. அது நீடித்து உழைக்கும் என்று நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள். ஆனால் கார் பெயின்ற் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு இது முக்கிய காரணம். ஒருமுறை நுரையீரல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே கடும் மூச்சுத்திணறலைத் தரும். சாதாரணக் கடதாசி மாஸ்க் இதைத் தடுக்காது. தொழிற்கூடத்தில் இதை அடிப்பவர்கள் வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி அணிகிறார்கள். வீட்டில் இது வேண்டாம். துணியால் பூசும் சாதாரண வகை போதும்.

கண்ணில் ஏதாவது இரசாயனம் தெறித்தால், கசக்காமல், உடனே குழாய்த் தண்ணீரால் 20 நிமிடம் கழுவுங்கள். கொன்ராக்ற் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். பிறகு தாமதிக்காமல் வைத்திய உதவி பெறுங்கள்.

குறுக்கு வழிகள் உதவுமா?

பற்பசை: இதில் நுண்ணிய அரப்பொருள் உண்டு. இலேசான மங்கலைச் சில வாரங்களுக்குக் குறைக்கும். பாதுகாப்புப் பூச்சு இல்லாததால் திரும்பி வரும்.

நுளம்புத் தெளிப்பான்: தெளித்துத் துடைத்தவுடன் அதிசயமாகத் தெளியும். டீற் என்ற இரசாயனம் பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைப்பதால் வரும் மினுக்கம் அது. கொஞ்ச நாளில் முன்னரை விட மோசமாகும். வடிந்தால் காரின் பெயின்ற்றும் பழுதாகும்.

அதிக வெளிச்சமான குமிழ்: மங்கிய மூடிக்குள் பலமான குமிழைப் போட்டால் சிதறும் வெளிச்சம்தான் கூடும். ஹலஜன் குமிழுக்காகச் செய்த விளக்கில் எல்.இ.டி. குமிழை மாற்றிப் போட்டால் எம்.ஓ.ரி. சோதனையிலும் தவறும்.

இரவு ஓட்டத்துக்கான மஞ்சள் மூக்குக்கண்ணாடி: 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், எதிர்வரும் விளக்கின் கூச்சத்தின்போது வீதியில் நடப்பவரைக் காண இவை உதவவில்லை என்று தெரியவந்தது. மஞ்சள் விளக்குக்குப் பின்னால் மஞ்சள் கண்ணாடியும் போட்டால் இருக்கிற வெளிச்சமும் குறையும்.

இன்னொன்று. மிச்சமிருக்கும் பொலிஷால் மூக்குக்கண்ணாடியின் கீறலைத் தேய்த்துப் பார்க்க வேண்டாம். அதன் மேலுள்ள பூச்சு போய்விடும். காரின் முன்கண்ணாடியை மட்டும் உட்புறமும் துடையுங்கள். அங்கே படியும் எண்ணெய்ப் படலம் இரவில் பெரிய கூச்சத்தைத் தரும்.

இனிக் கண்ணுக்கு வருவோம்

விளக்கு தெளிந்து, முன்கண்ணாடி சுத்தமாகி, இன்னும் பாதை தெரியவில்லை என்றால் அடுத்த சந்தேகம் கண்தான். உண்மையில் விளக்கு சரிவந்தாலும் கண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் கண்ணின் வில்லையும் வயதோடு மஞ்சளாகின்றது. கறுப்பு விழியின் துவாரமும் சிறுக்கின்றது. இதனால் 60 வயதானவரின் விழித்திரைக்கு 20 வயதானவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். இது எல்லோருக்கும் வரும் மாற்றம். இதற்கு மேல் வில்லை வெண்மையாக மங்கினால் அதைக் கண்புரை என்கின்றோம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஸ்ரீரோயிட் மருந்து நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் இது சற்று முன்னதாகவே வரலாம். எங்கள் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

முன்விளக்கு மாதிரியே கண்புரையும் நோவில்லாமல் மெல்ல மெல்ல வருவதால் உரியவருக்குத் தெரிவதில்லை. இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:
- எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் அல்லது பரவல்
- இரவில் அல்லது மழையில் வீதிக்கோடு தெரியாமை
- நிறங்கள் மங்கலாக, மஞ்சளாகத் தோன்றுதல்
- அடிக்கடி மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டி வருதல்

ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை குறைவது, மின்னல் மாதிரி ஒளி தெரிவது, திரை இறங்குவது போல இருப்பது ஆகியவை கண்புரை அல்ல. அன்றைக்கே காட்ட வேண்டியவை.

"முருங்கையிலையும் கரட்டும் சாப்பிட்டால் சரிவரும்" என்று வீட்டில் சொல்வார்கள். வைற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது பொருந்தும். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்கு அந்தக் குறைபாடு இங்கே அரிது. கண்புரையைக் கரட் கரைக்காது.

கண்புரைக்குச் சிகிச்சை சத்திரசிகிச்சை. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, அரை மணித்தியாலம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுப் பிளாஸ்ரிக் வில்லை வைப்பார்கள். இதன் தொடக்கம் இலண்டனில்தான். இரண்டாம் உலகப் போரில், விமானியின் இருக்கையை மூடும் பிளாஸ்ரிக் உடைந்து துகள்கள் விமானிகளின் கண்ணுக்குள் போனபோது, கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதைக் கண் வைத்தியர் ஹரோல்ட் றிட்லி கவனித்தார். 1949இல் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் அதே வகைப் பிளாஸ்ரிக்கால் ஆன வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். இன்று வைக்கும் வில்லைகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் சேர்க்கிறார்கள். காரின் விளக்குக்குக் கடைசியில் நாம் பூசுவதும் அதே வேலையைத்தான் செய்கின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது?

பிரித்தானியாவில் கார் ஓட்டுபவர், தேவையானால் மூக்குக்கண்ணாடியுடன், 20 மீற்றர் தூரத்திலுள்ள கார் இலக்கத் தகட்டை வாசிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்வை குறைந்தது 6/12 இருக்க வேண்டும். இல்லையென்றால் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிப்பது ஓட்டுபவரின் பொறுப்பு. 70 வயதிலும் அதன்பின் 3 வருடத்துக்கு ஒருமுறையும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் "என் பார்வை போதுமானது" என்று எழுதுவது நாமே. அதைப் பிள்ளைகள் கணினியில் நிரப்பிக் கொடுக்கும் வீடுகளில், அப்பாவின் கண்ணைப் பார்க்காமல் "ஆம்" என்று அழுத்தாதீர்கள்.

60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெற்றோர் அல்லது சகோதரருக்குக் கிளைக்கோமா இருந்தால் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரையைப் படம் எடுக்கும் அழைப்பு தனியாக வரும். அது வேறு, இது வேறு. இரண்டுக்கும் போக வேண்டும். படம் எடுக்கும் நாளில் கண்ணுக்குத் துளிமருந்து விடுவதால் நீங்களே கார் ஓட்டிப் போகாதீர்கள்.

அப்பா அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இது இலேசான விடயம் அல்ல. கோயிலுக்கும் கடைக்கும் சிநேகிதர் வீட்டுக்கும் பிள்ளைகளை எதிர்பாராமல் போய்வர அவர்களுக்கு இருப்பது அந்தக் கார் ஒன்றுதான். "இனி நீங்கள் ஓடக் கூடாது" என்று திறப்பைப் பறித்தால் சண்டைதான் மிஞ்சும், உள்ள குறையையும் மறைப்பார்கள். மேலே சொன்ன ஐயாவும் பல மாதங்களாக இரவுப் பயணங்களுக்கு ஏதோ சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்து வந்திருக்கிறார். வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு கண்ணுக்கும் சத்திரசிகிச்சை முடிந்து, இப்போது பேரப்பிள்ளையை வயலின் வகுப்பிலிருந்து அவரே கூட்டி வருகிறார்.

ஒரு யோசனை சொல்கின்றேன். அடுத்த மழையில்லாத சனிக்கிழமை அப்பாவின் காரை முற்றத்தில் நிறுத்தி, அவரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்யுங்கள். தண்ணீர் தெளிக்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள். தேய்த்துக்கொண்டிருக்கும்போது, "இரவில் எப்படி அப்பா தெரியுது?" என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் 20 மீற்றர் தள்ளி நிற்கும் ஒரு காரின் இலக்கத்தை இருவரும் வாசித்துப் பாருங்கள். நீங்களும் வாசியுங்கள். அவரிடம் கேள்வி கேட்பது போல் இருக்காது.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத 1990களில் படித்த என் வயதினருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொழுது படுவதற்கு முன் அரிக்கன் லாம்பின் சிமிலியைக் கழற்றி, சாம்பலும் கடதாசியும் கொண்டு துடைத்து வைப்போம். புகை படிந்த சிமிலியோடு விளக்கேற்றினால் அம்மாவிடம் ஏச்சு விழும். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் இருந்த அந்தக் கவனம், பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் இந்த நாட்டில் எங்களுக்கு விட்டுப்போய்விட்டது.

சுருக்கமாக:
- மாதம் ஒருமுறை முன்விளக்கைப் பகலில் பாருங்கள், கழுவுங்கள்.
- மஞ்சளாகியிருந்தால் ஈரமாகத் தேய்த்து, புற ஊதாப் பாதுகாப்புப் பூச்சைக் கட்டாயம் பூசுங்கள். பூச்சு தேயும், மஞ்சள் திரும்பத் தொடங்கினால் தள்ளிப்போடாமல் மீண்டும் செய்யுங்கள்.
- வீட்டில் "2கே" ஸ்பிறே வேண்டாம்.
- எம்.ஓ.ரி. கடதாசியிலுள்ள அறிவுரைக் குறிப்பை வாசியுங்கள்.
- இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது கண் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதகர் முன்னதாக வரச் சொன்னால் அதன்படி போங்கள்.
- சந்தேகம் தீரும்வரை இரவில் ஓட்டாதீர்கள். யாரையாவது கூப்பிடுங்கள்.

குளிர்காலம் தொடங்கிப் பொழுது வேளைக்கே இருட்டுவதற்கு முன் இவற்றைச் செய்து முடியுங்கள். அனைவரும் நலமாக வீடு வந்து சேர வாழ்த்துகின்றேன்.